வைஃபை மாட்டுற வேலைக்கா இவ்வளவு படிப்பு?

வணக்கம் அம்மா. மகள் மூன்றாமாண்டு இ.சி.இ. படிக்கிறாள், ராத்திரி வெகுநேரம் கறுப்புத் திரையில் ஏதோ தட்டிக்கொண்டே இருக்கிறாள், வைஃபை மாட்டுற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் தட்டுவது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டுக்கு ஒரு ரவுட்டர் போதும். ஒரு மருத்துவமனைக்கு ஐம்பது, நூறு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் நுழைந்து பாஸ்வேர்டு மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே கிளஸ்டராக, அதாவது ஒரே குழுவாகச் சேர்த்துவிடுவார்கள். உதாரணத்துக்கு, அரூபா கம்பெனியின் இன்ஸ்டன்ட் வகை ஆக்சஸ் பாயின்ட்களை ஒரே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரே பகுதியில்) வைத்தால் அவை தங்களுக்குள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதில் செய்யும் மாற்றம் மற்றவற்றுக்கும் போய்ச் சேரும். அது நின்றுபோனால் இன்னொன்று பொறுப்பேற்கும்.

பிரவுசரிலேயே இதைச் செய்யலாம்தான். ஆனால் பக்கத்து அறையில் நல்ல சிக்னல் இருக்க, ஒரு போன் ஏன் தூரத்து ஆக்சஸ் பாயின்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது? 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அதில் நெரிசல் எங்கே? எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்தே கருவிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக உள்ளே போய், அந்தக் கறுப்புத் திரையில் நிலவரத்தைக் காட்டும் 'ஷோ' கட்டளைகளை அடித்துப் பழகியவருக்கு இதைக் கண்டுபிடிப்பது எளிது. கம்பெனி மாறினால் கட்டளை மாறும், தேடும் முறை மாறாது. வேலைக்கு எடுப்பவர்கள் பார்ப்பது அந்தத் தேடலைத்தான்.

கவனமும் இங்கேதான் பழகும். நான் நெட்வொர்க் வேலையில் இருந்த காலத்தில், ஒரு விடுதியின் கிளஸ்டரில் விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் அமைப்பு) எண்ணைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்தது, என் இணைப்பும் சேர்த்து. கருவியில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு ஓடித்தான் சரிசெய்தேன். அரூபா இன்ஸ்டன்டில் 'கமிட் அப்ளை' அடிக்கும்வரை மாற்றம் அமலுக்கு வராது. அதற்கு முன்னால் ஒருமுறை நிறுத்திப் படித்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வரட்டும்.

சரி, வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன்: முதல் ஒன்றிரண்டு வருடம் இரவு ஷிப்டு இருக்கலாம், ஏணியும் ஏற வேண்டிவரலாம். அதற்கு அவள் தயாரா என்று அவளிடமே கேளுங்கள். தயார் என்றால் கடைசி வருடத்துக்குள் சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு) எழுதட்டும். வயர்லெஸ்ஸும் அதன் பாடத்தில் உண்டு. பயிற்சிக்கு சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். ஆனால் கிளஸ்டர் தலைமை மாறுவதைக் கையால் செய்துதான் பார்க்க வேண்டும். கிளஸ்டராகச் சேரக்கூடிய பழைய ஆக்சஸ் பாயின்ட் இரண்டும், கேபிளிலேயே மின்சாரமும் தரும் ஒரு சின்ன பிஓஇ சுவிட்சும் வாங்கிக் கொடுங்கள். இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் தொல்லை குறைவு. அப்புறம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமைக் கருவியின் கேபிளை நீங்களே பிடுங்குங்கள். திரையில் என்ன மாறுகிறது என்று அவள் உங்களுக்கு விளக்கட்டும்.