பழைய கேம் கன்ட்ரோலர்களில் நெடுநேரம் ஆட எது வசதி?

இரண்டு மணி நேரம் ஆடினாலும் கை வலிக்காத பழைய கன்ட்ரோலர் எது, கோவையில் பழசாக வாங்கினால் எதைச் சோதிப்பது என்று ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கீங்க.

பக்கவாட்டில் ஓடித் தாவும் ஆட்டங்களுக்கு சூப்பர் நின்டெண்டோ. முப்பரிமாண ஆட்டங்களுக்கு அதே நின்டெண்டோவின் கேம்கியூப். என் முடிவு இதுதாங்க.

90களில் நம்ம ஊர்க் கடைகளில் "டிவி கேம்" என்று விற்ற நகல்களில் பலவும் 1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ கன்ட்ரோலரின் செவ்வக வடிவம்தான். அதன் கூர்மூலை உள்ளங்கையில் அழுத்தும். பிடிக்க வளைவே இல்லாததால் விரல் நுனிகளே முழுப் பாரத்தையும் தாங்கணும். வலி அங்கேதான் தொடங்குது. 1990-இல் ஜப்பானில் வந்த சூப்பர் நின்டெண்டோ இரண்டு முனைகளையும் உருட்டியது. மேல் விளிம்பில் பட்டன் வைத்து ஆள்காட்டி விரலுக்கும் ஓர் இடம் கொடுத்தது. அமெரிக்க மாடலில் எக்ஸ், ஒய் பட்டன்கள் குழிவு. ஏ, பி குவிவு. பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்கலாம்.

பிளேஸ்டேஷனின் முதல் கன்ட்ரோலரில், கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் குச்சி கிடையாது. 1997-இல் சேர்த்தபோது மிச்சமிருந்த கீழ்ப்பகுதியில்தான் இடம் கிடைத்தது. அதனால் குச்சி வைத்த பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரான டூயல்ஷாக்கில் கட்டைவிரல் உள்நோக்கி மடங்கியே இருக்கும். கை பெரியவங்களுக்கு விரலடி சீக்கிரம் சலிச்சுப் போகும். கேம்கியூப், விரல் இயல்பாகப் படியும் மேலிடத்தில் இடது குச்சியை வைத்தது. சண்டை ஆட்டம்தான் அதிகம் என்றால் சூப்பர் நின்டெண்டோ, கேம்கியூப் இரண்டையும் விட்டுவிட்டு, வட்டத் திசைப் பட்டன் உள்ள, சேகா நிறுவனத்தின் மெகா டிரைவின் ஆறு பட்டன் மாடலைத் தேடுங்க. மூலைவாட்டுத் திசைகள் வழுக்கிக்கொண்டு வரும்.

நின்டெண்டோ 64-க்கு மூன்று கைப்பிடி. நடுப்பிடியைப் பிடித்தால் இடப்பக்கத் திசைப் பட்டன் எட்டாது. குச்சியும் அதன் கிண்ணமும் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசி, வெள்ளைத் தூளாகத் தேய்ந்து தொளதொளத்துவிடும். குச்சியை விட்டதும் நடுவில் நிமிர்ந்து நிற்கவில்லையா, வாங்காதீங்க.

வாங்குமுன் ஒரு பட்டனை அழுத்தியபடியே, ஒயர் உடலுக்குள் நுழையும் இடத்தை ஆட்டுங்க. அழுத்தம் விட்டுவிட்டுப் பதிவானால் உள்ளே கம்பி அறுந்திருக்கு. அந்த இடத்தை வெட்டி மறுபடி பற்றவைத்தால் சரியாகும். விலையைக் குறைத்துக் கேளுங்க.

அழுத்தி அமுக்கினால்தான் பட்டன் வேலை செய்யுதா? ஆடிக்காற்றுத் தூசியும், திருப்பூர்ப் பக்கம் என்றால் பஞ்சுத் தூசியும் உள்ளே படிந்திருக்கலாம். சூப்பர் நின்டெண்டோவின் பின்புறம் 5 திருகு. கழற்றி, பட்டன்களுக்கு அடியில் உள்ள ரப்பர் தகட்டைத் தூக்கி, போர்டில் உள்ள கறுப்புத் தொடுபுள்ளிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் லேசாகத் துடைங்க. ரப்பரின் அடியில் இருக்கும் கரிப்பூச்சைத் தேய்க்கவே கூடாது. அது உரிந்தால் பட்டன் செத்த மாதிரிதான். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தின்னர் பக்கமே போகாதீங்க, பிளாஸ்டிக் இளகிடும். துடைத்தும் சரியாகவில்லையென்றால் கரிப்பூச்சு தேய்ந்திருக்கும், ரப்பர் தகட்டை மட்டும் மாற்றுங்க.

பிளேஸ்டேஷன் 2-இன் டூயல்ஷாக் 2-இல் தொடாமலே ஆள் நகர்ந்தால், குச்சிக்கடியில் அதன் சாய்வை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்துவிட்டது. மின் தொடுபுள்ளிகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நாள் தாங்கும். பிறகு குச்சித் தொகுதியையே பற்றவைத்து மாற்றணுங்க.