கவுன்சிலிங் செலவு: கைக்காசா, இன்சூரன்ஸா?
தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு கவுன்சிலிங் போகிறீர்கள், இன்சூரன்ஸில் கேட்டால் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து கைக்காசு கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

முதலில் உங்கள் பாலிசியில் ஓபி செலவு, அதாவது ஆஸ்பத்திரியில் தங்காமல் பார்த்துவிட்டு வரும் செலவு, உண்டா என்று பாருங்கள். 2017 மனநலச் சட்டப்படி உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம் தரும். வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருவதற்குக் கிடைக்காது. அப்படியென்றால் கைக்காசுதான் வழி. நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

அப்புறம், புது பாலிசி எடுக்கும்போது சிகிச்சையைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். பின்னால் கிளைமை மறுக்க அதுவே காரணமாகும்.

பணம் முட்டினால் தயவுசெய்து பாதியில் நிறுத்தாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி மனசு தாங்காவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.