பாசித் தொட்டி: இந்த மாதக் கடிதங்கள்

(வீட்டுச் சாக்கடைத் தண்ணீரைப் பாசி வளர்த்துச் சுத்தம் செய்யும் தொட்டி பற்றி நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்.)

வீட்டுச் சாக்கடையை நேராகப் பாசித் தொட்டியில் விடலாமா?

கூடாது. முதலில் செப்டிக் டேங்கில் கசடு படியட்டும். கலங்கல் தண்ணீரில் வெயில் இறங்காது, பாசி வளராது.

எவ்வளவு பெரிய தொட்டி கட்டவேண்டும்?

வீட்டில் எத்தனை பேர் என்றே எழுதவில்லையே, நான் எதை வைத்துச் சொல்வது? நாலு பேர் என்று வைத்துக்கொள்கிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர், தண்ணீர் தங்க ஒரு வாரம், ஆழம் ஒரு அடி, அதற்குமேல் வேண்டாம். நாள் முழுக்க வெயில் படும் இடமாக 100 சதுர அடியாவது வேண்டும்.

பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. இனி ஓடையில் விடலாம்தானே?

விடாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். தண்ணீரில் கரைந்திருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் எங்கேயும் போய்விடவில்லை, பாசிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன, அதை அப்படியே ஓடையில் விட்டால் பாசி செத்து அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும், மீன் மிதக்கும். ஒரு குடியிருப்பில் வருகிறவர்களுக்கெல்லாம் பச்சைத் தொட்டியைப் பெருமையாகக் காட்டினார்கள். பின்பக்கக் குழாய் அதே பச்சையை ஏரியில் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. சாக்கடையில் பாசி வளர்க்கும் வித்தையை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆஸ்வால்டு என்ற ஆய்வாளர் 1950களிலேயே காட்டிவிட்டார். இன்றுவரை செலவு வைப்பது பாசியைத் தண்ணீரிலிருந்து அள்ளுவதுதான். இந்தத் தொட்டிகளில் வளரும் குளோரெல்லா என்ற பாசியின் செல் ஒன்று 5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் அதில் ஐந்து பங்குதான் இருக்கும், துணியில் வடிகட்ட முடியாது, தானாகவும் சீக்கிரம் படியாது. தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, துளி படிகாரக் கரைசல் விட்டுக் கலக்கி, அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். திரிந்த பால்போல் பச்சை திரண்டு அடியில் இறங்கும். தொட்டித் தண்ணீரையும் இப்படிப் படியவைத்து, மேலே தெளிந்த தண்ணீரைத்தான் வெளியே விடலாம், அதையும் தென்னைக்கு விடுங்கள்.

நேற்றுவரை பச்சை, இன்று தெளிந்துவிட்டது. மகிழ்ச்சிதானே?

இல்லை. ஒரு டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் துள்ளினால் அது டாஃப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சி, பாசியை மேய்ந்துவிட்டது. மெல்லிய வலையால் அள்ளுங்கள். ஒன்றும் துள்ளவில்லையென்றால், கழிவறையில் ஆசிட், பினாயில் ஊற்றினீர்களா? அது பாசியைக் கொன்றுவிடும். ஊற்றாதீர்கள் என்று போன மாதமும் சொன்னேன்.

விடியற்காலையில் நாற்றம் வருகிறதே?

ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும், அது தீர்ந்தால் தண்ணீர் நாறும். தண்ணீரைக் கலக்கிவிடும் துடுப்புச் சக்கரத்தை இரவிலும் ஓடவிடுங்கள். கொசுவும் குறையும்.

அதே தொட்டியில் ஸ்பைருலினா என்ற உணவுப் பாசியை வளர்த்துச் சாப்பிடலாமா?

சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்ததை வாயில் வைக்காதீர்கள். அள்ளிய பாசியைக் காயவைத்துத் தென்னைக்குப் போடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.