பதக்கத்தை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள்: கல்லூரித் தடகள அணிக்குப் பிளஸ் டூ மாணவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். வரும் கல்வியாண்டில் பெண்கள் தடகள அணியைப் புதிதாகத் தொடங்குகிறோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் பத்துப் பேரைச் சேர்க்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. ஏற்காட்டு மலைக் கிராமப் பிள்ளைகளையும் எடுக்க ஆசை. எங்கே தேடுவது, எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: தேடலை மே மாதம் தேர்வு முடிவு வந்தபின் தொடங்கினால் தாமதம். மாவட்டப் போட்டிக்கு முன் பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டியின்போதே மைதானத்துக்குப் போய்விடுங்கள். மாவட்டப் போட்டியில் ஜெயித்தவர்களை எல்லாக் கல்லூரிகளும் பார்த்துவிடும். குறுவட்டத்தில் மூன்றாவதாக வந்த உயரமான பெண்ணை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வாழப்பாடி, ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பக்கத்துப் பி.டி. ஆசிரியர்களிடம் “யார் ஜெயித்தது?” என்று கேட்பதைவிட “யார் ஒருநாளும் பயிற்சிக்கு மட்டம் போடுவதில்லை?” என்று கேளுங்கள்.

பள்ளிப் பதக்கத்தை அப்படியே நம்ப முடியாததற்குக் காரணம் உண்டு. 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் குண்டு 3 கிலோ, ஈட்டி 500 கிராம், 100 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 76.2 செ.மீ. கல்லூரியில் இவை 4 கிலோ, 600 கிராம், 83.8 செ.மீ. ஆகின்றன. சீக்கிரம் உடம்பு வளர்ந்து, பலத்தை மட்டும் நம்பி எறிந்த பிள்ளைக்கு 4 கிலோ குண்டைக் கொடுத்ததும் தூரம் சட்டென்று குறையும். ஆகவே அணித் தேர்வு நாளில் கல்லூரிப் பெண்கள் பிரிவுக் கருவிகளையே கையில் கொடுங்கள். வட்டு மட்டும் இரண்டு பிரிவிலும் 1 கிலோதான், அந்தத் தூரத்தை ஒப்பிடலாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு முன்னேறினாள் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு ஆண்டாக ஒரே இடத்தில் நிற்கும் மாநிலப் பதக்கக்காரியைவிட, பதக்கமே இல்லாமல் ஆண்டுக்கு ஆண்டு ஏறிவரும் பெண்ணை நான் எடுப்பேன்.

ஓட்ட நேரத்திலும் கவனம் வேண்டும். ஸ்டாப்வாட்சில் எடுத்த 100, 200 மீட்டர் நேரத்தோடு 0.24 விநாடியும், 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டினால்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிடலாம். கையில் 12.6 என்றால் 12.84 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மலைப் பிள்ளைகளில் பலர், காலை ஊன்றிப் புறப்படும் ஸ்டார்ட்டிங் பிளாக்கையே தொட்டிருக்க மாட்டார்கள். அவர்களை பிளாக்கில் உட்காரவைத்துச் சோதித்தால் பழக்கத்தைத்தான் அளப்பீர்கள், வேகத்தை அல்ல. 20 மீட்டர் ஓடி வேகம் பிடித்தபின் வரும் 30 மீட்டரை மட்டும் அளக்கலாம். அடுத்து நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், மூன்று வாய்ப்பில் சிறந்தது. பிறகு 3 கிலோ மெடிசின் பால் எனும் கனமான பயிற்சிப் பந்தைத் தலைக்கு மேலாகப் பின்புறம் எறிதல். 600 மீட்டர் ஓட்டத்தைக் கடைசியில் வையுங்கள், முன்னால் வைத்தால் மற்ற எல்லாம் கெட்டுப்போகும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே எடுத்த 1500 மீட்டர் நேரம் சேலத்தில் ஓடுவதைவிடச் சற்று மெதுவாகவே இருக்கும், அதற்காக ஒரு பெண்ணைக் கழித்துவிடாதீர்கள்.

பத்துப் பேரில் ஐந்து பேர் 100 முதல் 400 மீட்டர் வரை ஓடுபவர்களாக இருக்கட்டும். 4x100, 4x400 மீட்டர் ஆகிய இரண்டு தொடர் ஓட்ட அணிகளும் அவர்களைக் கொண்டே அமையும், ஒருத்திக்குக் காயம் பட்டாலும் அணி நிற்கும். அவர்களில் இருவர் நீளம் தாண்டினால் இன்னும் நல்லது. நடுத்தர, நெடுந்தூர ஓட்டத்துக்கு இருவர், எறிதலுக்கு இருவர், உயரம் தாண்ட ஒருத்தி.

பிளஸ் டூ தேர்வுக்காகப் பயிற்சியை அடியோடு நிறுத்திவிட்டு மே, ஜூனில் முழு வேகத்தில் ஓடும்போதுதான் தொடைத் தசை கிழிகிறது. தேர்வுக் காலத்திலும் வாரம் இருமுறை 40 நிமிடம் ஓடச் சொல்லுங்கள். அணித் தேர்வு நாளுக்கு முன் மூன்று வாரமாவது மெல்ல வேகம் கூட்டட்டும். செயற்கை ஓடுதளத்தில் ஸ்பைக்ஸ் காலணியின் அடியில் உள்ள முள் 9 மி.மீ.க்கு மேல் கூடாது, உயரம் தாண்டவும் ஈட்டி எறியவும் 12 மி.மீ. மண் தரையில் பழகியவர்கள் நீளமான முள்ளோடு வருவார்கள், குட்டை முள் கொஞ்சம் கையில் வைத்திருங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு வயது 17க்குக் குறையாமலும் 25க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், முழுநேர மாணவியாகவும் இருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவர் ஆட முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை முதல் நாளே சரிபாருங்கள்.

பெற்றோரிடம் வாய்மொழியாக எதையும் சொல்லாதீர்கள். கல்விக் கட்டணம், விடுதி வாடகை, மெஸ் செலவு, தேர்வுக் கட்டணம், ஷூ, போட்டிப் பயணச் செலவு ஆகியவற்றில் எவை இலவசம், எவை இல்லை என்று முதல்வர் கையொப்பத்தோடு தாளில் கொடுங்கள். காயம் பட்டு ஓராண்டு ஓட முடியாவிட்டாலும் சலுகை தொடருமா என்பதும் அதில் இருக்கட்டும். பல குடும்பங்கள் படிப்பை நிறுத்துவது இந்த இடத்தில்தான். வெளியூர்ப் போட்டிக்கு உடன் வரும் பெண் ஆசிரியர் யார் என்று அம்மாவிடமே சொல்லுங்கள். மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனால் மாலைப் பயிற்சி நடக்காது, எனவே அவர்களுக்கு விடுதியை உறுதி செய்த பிறகே இடத்தைப் பேசுங்கள்.

சேர்ந்த வாரத்திலேயே எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் பயிற்சியின் பளுவைக் குறைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றாலும் அப்படியே, “ஓடுகிற பிள்ளைகளுக்கு அது சகஜம்” என்று விட்டுவிடக் கூடாது.