ஐந்து மாறிகள், ஒரே படம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

செடி வளர்ச்சி பற்றி ஆய்வு செய்யும் மாணவி நான். மூன்று வகை உரம், நான்கு அளவு நீர், இரண்டு வெப்பநிலை என்று தொட்டிகளைப் பிரித்து, வாராவாரம் உயரத்தை அளந்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே சார்ட்டில் போட்டேன். கிடை அச்சில் வாரம், செங்குத்து அச்சில் உயரம். குறியின் பருமன் நீருக்கு, நிறம் வெப்பநிலைக்கு, வட்டம், சதுரம், முக்கோணம் என்ற வடிவங்கள் உரத்துக்கு. என் நெறியாளர் பார்த்துவிட்டு, “இதில் நான் எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டார். முப்பரிமாணப் படமாகவோ, நடுவிலிருந்து விரியும் அச்சுகளில் மதிப்புகளைக் குறித்துக் கோட்டால் இணைக்கும் ரேடார் சார்ட்டாகவோ மாற்றிவிடலாமா? பிரெஞ்சுப் பொறியாளர் மினார் ஒரே படத்தில் ஆறு மாறிகளைக் காட்டினார் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

எம்.

அன்புள்ள எம்.,

நெறியாளர் கேட்டதற்கு உங்கள் கடிதத்திலும் பதில் இல்லை. என்னென்ன அளந்தீர்கள் என்று சொல்கிறீர்கள், எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. அது முடிவானால் பாதி சார்ட் வரைந்த மாதிரி.

நீர் குறைந்தாலும் எந்த உரம் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய படத்தில் அதைத் தேடுகிறவர் என்ன செய்ய வேண்டும்? சின்ன முக்கோணத்தையும் சின்னச் சதுரத்தையும் கூட்டத்துக்குள் தேடிப் பிடித்து, இரண்டும் ஒரே பருமன்தானா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். 1984-இல் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் என்ற புள்ளியியலாளர்கள், கண் எதைத் துல்லியமாகக் கணிக்கிறது என்று ஒரு வரிசை போட்டார்கள். ஒரே அளவுகோலில் புள்ளி இருக்கும் இடம் முதலில். நீளமும் கோணமும் அடுத்து. பரப்பு அதற்கும் கீழே. நிறத்தின் அடர்த்தி கடைசிப் பக்கம். உங்கள் ஆய்வின் உயிரான நீரைப் பரப்பிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். போதாததற்கு, சில மென்பொருள்கள் மதிப்பை விட்டத்துக்குக் கொடுத்துவிடும். நீர் இரு மடங்கானால் குறியின் பரப்பு நான்கு மடங்காகும்.

முப்பரிமாணம் வேண்டவே வேண்டாம். முன்னால் நிற்பது பின்னால் இருப்பதை மறைக்கும்.

ரேடார் சார்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்க அழகாக இருப்பதால் பலர் அதில் ஏமாறுகிறார்கள். நான்கு அச்சு, மதிப்புகள் 10, 10, 1, 1 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் வரைந்தால் உள்ளே அடைபடும் பரப்பு 60.5. அதே மதிப்புகளை 10, 1, 10, 1 என்று மாற்றி அடுக்கினால் 20. தரவில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, வடிவம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அச்சுகளை எந்த வரிசையில் வைப்பது என்பதோ வரைகிறவர் இஷ்டம்! அப்படிப்பட்ட படத்தை வைத்து எந்த உரம் மேல் என்று எப்படிச் சொல்வது?

இப்போது மினார். நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பை அவர் 1869-இல் வரைந்தார். 4,22,000 பேராகப் புறப்பட்ட படை, 10,000 பேராகத் திரும்புவதைப் பட்டையின் அகலத்தில் பார்க்கலாம். ஆறு மாறிகள் என்பது உண்மைதான், ஆனால் அவற்றில் இரண்டு அட்சரேகையும் தீர்க்கரேகையும். படை நடந்துபோன வழியே அவற்றுக்கு இடம் கொடுத்துவிடுகிறது. உங்கள் தொட்டிகளுக்கு அந்த வசதி இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: பின்வாங்கியபோதிருந்த குளிரை மினார் அந்தப் பட்டைக்குள் திணிக்கவில்லை. கீழே தனியாக ஒரு கோட்டுப் படம் போட்டு, நேர்க்கோடுகளால் மேலே இணைத்தார். அவரே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்.

நீங்களும் பிரியுங்கள். நீர் அளவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டம், பக்கம் பக்கமாக நான்கு. மேல் வரிசை ஒரு வெப்பநிலை, கீழ் வரிசை மற்றது; ஆக எட்டு. எல்லாவற்றிலும் கிடை அச்சில் வாரம், செங்குத்தில் உயரம், உள்ளே உரத்துக்கு ஒரு கோடாக மூன்று கோடுகள். ஐந்து மாறிகளும் வந்துவிட்டன, யாரும் பருமனை அளக்க வேண்டியதில்லை. எட்டுக் கட்டங்களுக்கும் உயர அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும். மென்பொருளை அதன் போக்கில் விட்டால் சில சமயம் கட்டத்துக்கு ஒரு அளவுகோல் வைத்துவிடும், அப்புறம் வாடிய செடியும் தளதளவென்று தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு யோசனை: வாரம் உங்களுக்குத் தேவையா? கடைசி உயரம்தான் முடிவு என்றால் வாரத்தை எடுத்துவிடுங்கள். கிடை அச்சில் நீர், செங்குத்தில் இறுதி உயரம், மூன்று கோடுகள், வெப்பநிலைக்கு ஒன்றாக இரண்டே கட்டங்கள். எந்தக் கோடு இடது ஓரத்திலும் சரியாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் உரம். நானாக இருந்தால் இதைத்தான் ஆய்வேட்டின் முதல் படமாக வைப்பேன், எட்டுக் கட்டப் படத்தைப் பின்னிணைப்பில் போடுவேன்.

சராசரிக் கோட்டோடு ஒவ்வொரு தொட்டியின் புள்ளியையும் மங்கலாக வையுங்கள். ஒரே ஒரு செடி அசாதாரணமாக வளர்ந்து சராசரியை இழுத்திருந்தால் அப்போதுதான் தெரியும். நிறங்களில் சிவப்பு, பச்சை ஜோடியைத் தவிருங்கள், அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் பலர். உரத்தின் பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதிவிட்டால், கருப்பு வெள்ளையில் அச்சானாலும் நெறியாளர் திரும்ப அதே கேள்வியைக் கேட்க மாட்டார்.