கேள்வி–பதில்: பிரெக்ட் நாடகத்தில் அழலாமா?

கேள்வி: எங்கள் குழு ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தைப் போடுகிறது. போர்க்களத்தில் வண்டி வைத்து வியாபாரம் செய்யும் ஒரு தாயின் கதை அது. நடிகர்கள் உணர்ச்சியே காட்டக் கூடாது என்கிறார் இயக்குநர். சரிதானா?

பதில்: இல்லை. 1949இல் பெர்லினில் இதே நாடகத்தில், மகனைச் சுடும் சத்தம் கேட்டதும், தாயாக நடித்த ஹெலனே வைகல் தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறப்பார். குரல் மட்டும் வராது. உணர்ச்சி இல்லாத நடிப்பா அது? அந்தத் துயரத்துக்கு முன் நடந்த பேரம் பார்ப்பவருக்கு மறந்துவிடக் கூடாது, அதுதான் பிரெக்டின் கவலை. மகன் உயிருக்கு விலை 200 கில்டர். வண்டி போனால் பிழைப்பும் போச்சு என்று தாய் 120க்கு இழுக்கிறாள். 200க்கு இறங்கி வரும்போது நேரம் கடந்துவிடுகிறது.

1941இல் சூரிக்கில் நாடகம் முதலில் மேடையேறியபோது, அவளைத் துயரத் தாயாக மட்டுமே பார்த்துவிட்டுப் போனார்கள். பிரெக்ட் சும்மா விடவில்லை. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட அவளே சட்டைகளைக் கிழித்துத் தந்த காட்சியை மாற்றினார். பெர்லினில் அவள் தர மறுக்கிறாள், பாதிரியார் பிடுங்கிக் கிழிக்கிறார். ஆனாலும் பெர்லினிலும் அழுதார்கள்!

உங்கள் மேடைக்கு: இரவுக் காட்சிக்கும் நீல விளக்கு வேண்டாம், சீரான வெள்ளை வெளிச்சமே போதும். விளக்குகள் கண்ணில் படட்டும், பார்ப்பது நாடகம் என்பது மறக்காது. காட்சியில் நடக்கப்போவதைச் சொல்லும் தலைப்பை, நடிகர் பேசத் தொடங்கும் முன்பே எழுத்தில் காட்டி, இரண்டு முறை படிக்க அவகாசம் கொடுங்கள். பேச்சோடு சேர்த்துக் காட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒத்திகையில் வசனத்தை 'அவள் சொன்னாள்' என்று படர்க்கையில், இறந்தகாலத்தில் சொல்லிப் பார்க்கலாம். பிரெக்டே சொன்ன பயிற்சி இது. ஒத்திகையோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்துக்கு இன்னொரு முடிவும் உண்டாமே?

பதில்: உண்டு. மூல முடிவில் நாயகி நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். 1880இல் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, பிள்ளைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மறுத்தார். இப்சனின் உரிமைக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு இல்லை, யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். மற்றவர் கை வைப்பதைவிடத் தானே எழுதுவது மேல் என்று இப்சன் வேறு முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் பிள்ளைகளின் அறை வாசலில் நோரா தளர்ந்து சரிகிறாள். அந்த முடிவை ஒரு காட்டுமிராண்டித்தனம் என்று இப்சனே திட்டினார். அதைத் தேடிப் போட வேண்டாம்.

கேள்வி: லண்டன் அரங்குகள் சில நாடகங்களை 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று நடத்தியது ஏன்?

பதில்: தணிக்கைக்குத் தப்பத்தான். அன்று, பொதுமக்களுக்கு நடத்தும் புதிய நாடகத்தின் பிரதியை முன்கூட்டியே, லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை உயர் அதிகாரியின் அலுவலகத்துக்கு அனுப்பி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. எட்வர்ட் பாண்டின் 'சேவ்டு' நாடகத்தில் தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையைக் கல்லால் அடிக்கும் காட்சியை வெட்டச் சொன்னார்கள், பாண்ட் மறுத்தார். ராயல் கோர்ட் அரங்கம் 1965இல் உறுப்பினர் காட்சியாக நடத்தியும் வழக்கு வந்தது, தீர்ப்பும் அரங்கத்துக்கு எதிராகவே போனது. 1968 செப்டம்பர் 26இல் தணிக்கை ஒழிந்தது. மறுநாளே, மேடையில் நிர்வாணம் வரும் 'ஹேர்' இசை நாடகம் லண்டனில் தொடங்கியது.