புதுச்சேரியிலிருந்து ஒரே நாளில் போய்வர பாறைக் கடற்கரை ஏதாவது உண்டா?

கணவன் மனைவி இருவரும் வண்டியில் கடலோரமாகவே போகவேண்டும், பாறையும் அலையுமாக முரட்டுக் கடலாக இருக்கவேண்டும், இரவுக்குள் புதுச்சேரி திரும்பிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி, கடலூர் பக்கம் இயற்கையான பாறைக் கடற்கரை கிடையாது. எல்லாம் மணல்தான். கடற்கரைச் சாலைப் படங்களில் நீங்கள் பார்க்கும் கருங்கற்கள் லாரியில் வந்து இறங்கியவை.

ஆனால் முரட்டுக் கடல் உண்டு. போன தை மாதம், எங்கள் பதினோராவது கல்யாண நாளன்று, நானும் என் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் தெற்கே பரங்கிப்பேட்டை வரை போய்வந்தோம். ஊர் ஊராகச் சுற்றியதையும் சேர்த்து 140 கிலோமீட்டர் காட்டியது. கார் இருந்தால் காரில் போங்கள். என் முதுகு இன்னும் அந்த நாளை மறக்கவில்லை.

விடிவதற்கு முன்னால் கடற்கரைச் சாலைக்கே போனோம். மாலையிலிருந்து மறுநாள் காலை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். சூரியன் எழும்போது அலை கல்லில் மோதி மேலே தெறிப்பதைப் பார்த்துக்கொண்டே இவர், "இதுக்கு மேல என்னம்மா வேணும், வீட்டுக்குப் போயிடலாமா?" என்றார். அவர் விழுப்புரத்துக்காரர், கல்லைப் பார்த்தால் அழகு என்பார். என் அம்மா வைத்திக்குப்பத்தில் பிறந்தவர். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது வலை காயப்போட்ட மணல் இப்போது கல்லுக்கு அடியில் இருக்கிறது. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு இனிக்காது.

விஷயம் இதுதான். நம் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் கொஞ்ச காலம் மட்டும் திசை மாறும். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே மணல் வரத்து நின்றது, கடல் அரிக்க ஆரம்பித்தது. அரித்த இடத்தில் கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்துக்கு அப்பால் கடல் அரித்தது, அங்கேயும் கொட்டினார்கள். இப்படியே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அரிப்பு போயிற்று. அந்தப் பக்க மீனவர்கள் தூண்டில் வளைவு (கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) கேட்டுப் போராடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் பெரிய இரும்புக் கட்டமைப்பை இறக்கிய பிறகு ஒரு துண்டு மணல் திரும்பி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டில் கால் வைக்க இடம் இருக்காது.

அதனால்தான் நான், "வடக்கே வேண்டாம், கல் இல்லாத பக்கமாகப் போகலாம்" என்று பிடிவாதம் பிடித்தேன்.

பெட்ரோல் புதுச்சேரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், விலை குறைவு. அரியாங்குப்பத்தில் அரிக்கமேட்டுக்குத் திரும்பலாம். ஆற்றங்கரையில் தோப்பு, கொஞ்சம் செங்கல் சுவர், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்த மண் என்று தெரிந்துகொண்டு நின்றால் அரைமணி நேரம் போவது தெரியாது. தெரியாமல் போனால் ஐந்து நிமிஷம்.

அப்புறம் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை. இந்த நீளத்தில் கடல் கண்ணில் படாது. கடலோரமாகவே ஓட்டலாம் என்ற நினைப்பை இங்கே விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலையில் போய், கிழக்கே கிளைச்சாலையில் இறங்கி, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப நெடுஞ்சாலைக்கு வரவேண்டும். எல்லை தாண்டியதும் சோதனை இருந்தது. டிக்கியில் பிளாஸ்க்கும் இரண்டு துண்டும்தான். பாட்டில் எதிர்பார்த்த காவலரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தென்பெண்ணைப் பாலத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். தையில் மணல் திட்டுகளுக்கு நடுவே சாதுவாக ஓடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்தபோது கரையோர ஊர்களை மூழ்கடித்தது இதே ஆறுதான்.

கடலூரில் தேவனாம்பட்டினம். அகலமான மணல், முகத்துக்கு நேரே அடிக்கும் அலை. குளிக்கவேண்டாம், இழுப்பு அதிகம். பக்கத்தில் கெடிலம் ஆற்றை ஒட்டி செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்கள். 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் சேர்த்தே விலை என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்று ஊர்ப் பெயரிலேயே அந்தக் குண்டு இருக்கிறது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார். அதில் பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எனக்குப் பிடித்தது கரையேறவிட்டகுப்பம். அப்பரைக் கல்லில் கட்டிப் பல்லவ மன்னன் கடலில் போடச் சொன்னான், கல்லே தெப்பமாக மிதந்து அவர் கரையேறிய இடம் அது என்பது ஊர் நம்பிக்கை. "இந்தக் கரைக்குக் கல் தானாக வந்தது அந்த ஒரு தடவைதான்" என்றேன். இவர் சிரித்துவிட்டு, அதைத் தான் சொன்னதாக அன்று மாலையே தன் தம்பியிடம் போனில் சொன்னார்.

கடலூர் முதுநகர் தாண்டியதும் ரசாயன ஆலைகளின் நெடி அடிக்கும். அந்த நீளத்தை வேகமாகக் கடந்துவிடுங்கள். புதுச்சத்திரத்தில் கிழக்கே திரும்பினால் சாமியார்பேட்டை. நீங்கள் கேட்ட முரட்டுக் கடலுக்கு என் பதில் இதுதான். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் சட்டென்று கடல் திறக்கும். கடை கண்ணி அதிகம் இல்லை, காற்று பேசவிடாது. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சண்டையில்லாமல் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான்.

சண்டை அதற்குப் பிறகு வந்தது. அங்கிருந்து கடலோரமாகவே பரங்கிப்பேட்டைக்கு வழி இருப்பதாக இவர் போனில் பார்த்துச் சொன்னார். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்கலாம் என்றேன் நான். "மேப்பு பொய் சொல்லாதும்மா" என்று ஓட்டினார். வழி ஒரு சவுக்குத் தோப்புக்குள் போய் மணலில் முடிந்தது. பின்சக்கரம் பாதி புதைந்தது. நான் இறங்கித் தள்ள, மணல் முழுக்க என் புடவையில். தள்ளி வெளியே கொண்டுவந்தால் டயர் பஞ்சர். பெரியவரே ஒரு பையனை அனுப்பி பஞ்சர் போடுகிறவரைக் கூட்டிவந்தார். "இந்தப் பாதைல வண்டி போவாதே, என்னக் கேட்டிருக்கலாமேம்மா" என்றார் என்னைப் பார்த்து. நான் இவரைப் பார்த்தேன்.

பரங்கிப்பேட்டைக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி. நல்ல பசி. சின்னக் கடையில் சோறும் நண்டுக் குழம்பும், மிச்சமிருந்த இரண்டு சங்கரா வறுவலும். 1781இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை ஐதர் அலியைத் தோற்கடித்தது இந்த ஊருக்கு அருகில்தான். ஆனால் நாங்கள் போனது வெள்ளாற்று முகத்துவாரத்துக்காக. ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் சாயங்கால வெயில் விழும்போது தண்ணீர் இரண்டு நிறமாகத் தெரியும். அந்தக் கரையில் எம்.ஜி.ஆர். திட்டு. 2004 சுனாமியில் அழிந்த ஊர். பிழைத்தவர்கள் அங்கே திரும்பிக் குடியேறவில்லை. இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பிச்சாவரத்தையும் இதே நாளில் திணிக்காதீர்கள், படகுக்கே அரை நாள் வேண்டும். தை, மாசி நல்ல காலம். சித்திரை வெயிலில் ஸ்கூட்டரில் போனால் நான் பொறுப்பில்லை.

இன்னொன்று. திரும்பும்போது முதுநகரில் ஒரு அம்மாவிடம் அரைக்கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினோம். இரண்டு பை போட்டுக் கட்டியும் டிக்கியில் வாசம் பங்குனி வரைக்கும் போகவில்லை. வாங்கினால் கொக்கியில் வெளியே மாட்டிக்கொண்டு வாருங்கள்.